அவளுடைய அப்பாவின் ஈஸ்ட்

என் கணவர் வீட்டில் பியர் காய்ச்சப் போவதாக அறிவித்தபோது நான் சட்டை பண்ணவில்லை. அதற்கு முந்திய வருடம் அவர் மீன் வளர்த்தார். மீன்கள் செத்தன. அதற்கு முன்னர் மாவைப் புளிக்க வைத்துப் பாண் சுடும் மெஷின் ஒன்று வாங்கி, கல்லுப் போல இரண்டு பாண் சுட்டுவிட்டு அதைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கம்பிவலை அடித்த சாமான் அறைகள் உண்டு. மற்றவர்கள் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளையும் பிள்ளைகளின் பழைய சைக்கிள்களையும் வைத்திருந்தார்கள். எங்கள் அறையில் என் கணவரின் ஆசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அவற்றைத் தூசு தட்டுவது என் வேலை.

அவர் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். அங்கே ஒரு நோர்வேக்காரன் தான் காய்ச்சிய பியரில் ஒரு போத்தல் கொடுத்திருக்கிறான். அன்றைக்கே இவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"இஞ்சரும், இதை வீட்டிலையே செய்யலாமாம். சட்டமும் பிடியாதாம்."

"கசிப்போ?"

"கசிப்பில்லையப்பா. பியர். இதிலை வடிக்கிற வேலை இல்லை. காய்ச்சிப் புளிக்க விடுறது மட்டும்தான்."

எனக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் கசிப்பு என்று வீட்டில் கள்ளச் சாராயம் செய்கிறவன் என்றால், பனை வடலிக்குள் பீப்பாவைத் தாட்டு வைத்துவிட்டுப் பொலிஸ் ஜீப்பின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு திரிகிறவன். அவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள். அவன் பூசைக்கு வந்தால் மாதா கோயிலில் கடைசி வாங்கில்தான் இருப்பான். இங்கே என்னவென்றால், படித்த வெள்ளைக்காரர்கள் அதையே செய்துவிட்டுப் போத்தலுக்குப் பேரும் எழுதி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமையில் நண்பர்களை அழைத்து மணந்து மணந்து குடிக்கிறார்கள். அவர்கள் செய்தால் பொழுதுபோக்கு, நாங்கள் செய்தால் கசிப்பு. இதில் எனக்கு இரு பக்கத்தார்மீதும் மரியாதை இருக்கவில்லை.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய் மூடி போட்ட பெரிய வாளி ஒன்று வாங்கினார். நூலகத்திலிருந்து புத்தகம் ஒன்று எடுத்தார். நகரத்தில் ஒரு கடையில் முளைக்க வைத்து உலர்த்திய பார்லி வாங்கினார். கொண்டாட்டங்களுக்குப் புரியாணி போடும் என் பெரிய கிடாரத்தை என்னிடம் கேட்காமலே எடுத்தார். புத்தகத்தில் பதினெட்டுப் பாகைக்கு மேலே போகக்கூடாது என்று போட்டிருந்ததாம். அச்சில் வந்தது எதுவும் அவருக்கு வேதவாக்கு. வாளியைக் கொண்டுபோய்க் கீழே அந்தக் குளிர்ந்த சாமான் அறையில், செத்த மீன்களின் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது நனைந்த கடதாசிப் பெட்டியின் மணம் வந்தது. இரண்டு கிளாஸ் குடித்து, "பரவாயில்லை, தண்ணியிலைதான் ஏதோ பிழை" என்றார். ஒஸ்லோவின் தண்ணீரில் பிழையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

இந்தக் கதையை நான் வேலையிடத்தில் சொல்லிச் சிரித்தேன். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை அது. என்னோடு அங்கே வேலை செய்தவள் என் வயதுக்காரி, நோர்வேயின் மேற்குக் கரைக்காரி. மலைக்கும் கடல்நீருக்கும் இடையில் இருக்கும் ஒரு பண்ணை வீட்டில் பிறந்து, இருபது வயதில் ஒஸ்லோவுக்கு வந்தவள். அவளுடைய பேச்சை ஒஸ்லோக்காரரே இரண்டு தரம் கேட்பார்கள். கூடக் கதைக்கமாட்டாள். கதைத்தால் உள்ளதைத்தான் சொல்லுவாள். ஒருநாள் நான் சோஸ் வைத்து ருசி பார்க்கக் கொடுத்தேன். "உப்புக் கூட" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் என்றால் "ஐயோ, அருமை" என்று சொல்லிவிட்டு, காருக்குள் ஏறியவுடன் உப்பைப் பற்றிக் கதைப்பார்கள். அவளுடைய இந்தப் பழக்கம் எனக்கு முதலில் மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. நாலைந்து வருடத்தில் பழகிப்போனது.

கணவரின் பியர்க் கதையைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. "குளிரிலை வைச்சா எப்பிடி வரும்?" என்று மட்டும் கேட்டாள். நத்தார் பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஒரு கடித உறையை நீட்டினாள். உள்ளே மண்ணிறத்தில் துண்டு துண்டாகச் சருகு போல ஏதோ இருந்தது. பிட்டுப் பானையின் அடியில் பிடித்ததைச் சுரண்டி எடுத்தது போலிருந்தது.

"இது எங்கடை வீட்டு ஈஸ்ட். க்வைக் எண்டு சொல்லுவம். அப்பாவின்ரை. அவருக்கு அவரின்ரை அப்பா குடுத்தது. பிள்ளையைக் குளிப்பாட்டுற தண்ணியை விடக் கொஞ்சம் கூடச் சூடு வேணும். நாப்பது பாகை எண்டாலும் பயமில்லை. இரண்டு நாளிலை பியர் ஆகிவிடும். முடிஞ்சதும் அடியிலை இருக்கிறதை எடுத்துக் காயவிட்டு வைச்சிரு."

நான் நன்றி சொன்னேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"இது அன்பளிப்பு இல்லை. காய்ச்சிற எல்லாருக்கும் அப்பா குடுக்கிறவர். ஒருத்தற்றை செத்துப்போனா மற்றாளிட்டை போய் எடுக்கிறது. எங்கடை செத்தா உன்னட்டை வருவம்."

உலகத்தில் எத்தனையோ பரம்பரைச் சொத்து உண்டு, இவர்களுக்கு இந்தச் சருகு கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதைக் கைப்பைக்குள் போட்டேன். உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போகும்வரை அதை மறந்தே போனேன்.

கணவர் நம்பவில்லை. "நாப்பதோ? புத்தகத்திலை பதினெட்டெல்லே."

"புத்தகம் எழுதினவருக்குத்தான் தெரியும், தலைமுறையா வைச்சிருக்கிறவைக்குத் தெரியாதாக்கும்" என்றேன். அவருடைய பியர் நல்லாக வரட்டும் என்று சொன்னதல்ல. மீண்டும் கெட்டுப்போய் இந்த ஆட்டம் முடியட்டும் என்பதுதான் என் நினைப்பு.

நோர்வே வீடுகளில் குளியலறைத் தரைக்குள் சூடாக்கும் கம்பி ஓடும். அவர் அதைக் கூட்டிவிட்டு, வாளியை அந்தத் தரையில் வைத்து, என்னுடைய பனிக்கால ஜாக்கெட்டால் சுற்றினார். தன்னுடையதால் சுற்றவில்லை. சருகைப் போடும்போது உரத்துச் சத்தம் போட வேண்டும், அப்போதுதான் ஈஸ்ட் விழிக்கும், அதுதான் அந்த ஊர் வழக்கம் என்றும் என் தோழி சொல்லியிருந்தாள். நான் அதைச் சும்மா வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு, தேர் இழுக்கும்போது போடுவது போல ஒரு கூச்சல் போட்டார். மேல்வீட்டுக்காரர் குழாயில் இரண்டு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் லிஃப்டில் என்னைக் கண்டால் அனுதாபத்தோடு பார்ப்பார். என் கணவர் என்னை அடிக்கிறார் என்று நினைத்தாரோ, நான் அவரை அடிக்கிறேன் என்று நினைத்தாரோ, கேட்கவில்லை.

விடிந்தபோது மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை என் ஜாக்கெட்டில் வழிந்திருந்தது. குளியலறை முழுவதும் ஆரஞ்சுத் தோடம்பழம் உரித்த மணம். தோடம்பழம் ஒன்றும் அதில் போடவில்லை. அந்த ஈஸ்ட்டின் குணம் அது. இரண்டாம் நாள் பின்னேரம் பொங்கும் சத்தம் அடங்கிவிட்டது. போத்தலில் அடைத்துப் பத்து நாள் வைத்துத் திறந்தார். நானும் அரைக் கிளாஸ் குடித்தேன். நல்லாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிறகு ஆளைக் கையில் பிடிக்க முடியாது.

சொல்லாமலே பிடிக்க முடியாமல் போய்விட்டது. கோப்பை கழுவத் தெரியாத மனிதர், போத்தல் கழுவுவதைப் பற்றி எனக்கு வகுப்பு எடுத்தார். தொலைபேசியில் யாரோ காலநிலை விசாரித்தால் இவர் வெப்பமானியைப் பற்றிப் பதில் சொன்னார். இரண்டு கிழமைக்கு ஒருதரம் குளியலறையில் வாளி குந்திக்கொண்டது. அது இருக்கும் நாட்களில் கதவைத் திறந்து வைக்கக் கூடாது, சூடு போய்விடும். குளிக்க வேண்டுமென்றால் வாளியைச் சுற்றி ஒற்றைக்காலில் நின்று குளிக்க வேண்டும். என் ஜாக்கெட் பஸ்ஸில் பியர்க் கடை மணம் வீசியது.

மோர்டென்ஸ்ருட்டில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா வந்தது. எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் மண்டபத்துக்குள்ளே குடிவகை இராது. ஆண்கள் ஒவ்வொருவராக "காரிலை ஒரு சாமான் விட்டிட்டன்" என்று வெளியே போவார்கள். வாகனத் தரிப்பிடத்தில் யாருடையதோ காரின் பின் கதவு திறந்திருக்கும். பனிக்குள் நின்று பிளாஸ்டிக் கோப்பையில் விஸ்கி. மனைவிமார் உள்ளே இருந்து ஒன்றும் தெரியாதவர்களாக றோல்ஸ் சாப்பிடுவார்கள். போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலை வைத்துத்தான் அங்கே ஆளுக்கு மதிப்பு. அந்தக் கூட்டத்துக்குள் என் கணவர் பேர் ஒட்டாத பன்னிரண்டு போத்தலோடு போனார்.

"என்ன மச்சான், கசிப்போ?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஒருவரும் தொடவில்லை. விஸ்கி முடிந்த பிறகு அந்தப் பன்னிரண்டையும் குடித்திருக்கிறார்கள். நல்லது என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. அடுத்த கிழமை மூன்று பேர் போன் எடுத்து, "அண்டைக்குக் கொண்டு வந்த அந்தச் சாமான் இன்னும் கிடக்கோ?" என்று கேட்டார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் கணவரிடம் சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அடுத்த வாளியை வைத்தார்.

அப்போது தவக்காலம் தொடங்கியிருந்தது. எங்கள் பங்கின் தமிழ்ப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு போய்ச் செபமாலை சொல்வோம். எங்கள் வீட்டு முறை வந்தது. செபம் முடிந்து நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க, ஒரு பெண்மணி குளியலறைக்குக் கை கழுவப் போனார். போகும்போது சாதாரண முகம். திரும்பி வரும்போது மெல்லிய சிரிப்பு.

"உங்கடை வீட்டிலை ஏதோ வடிக்கிறியள் போல."

மற்றப் பெண்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். அந்தப் பெண்மணியின் கணவர்தான் மோர்டென்ஸ்ருட்டில் கடைசிப் போத்தலை நக்கியவர். அதை அந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் ஊரில் கடைசி வாங்கில் இருந்த அந்தக் கசிப்புக்காரன்தான் நினைவுக்கு வந்தான்.

மறுநாள் சனிக்கிழமை கணவர் வேலைக்குப் போனதும் நான் தொடங்கினேன். வாளியில் பொங்கிக்கொண்டிருந்ததை மலசலகூடத்தில் ஊற்றினேன். குளிர்ப்பெட்டியில் இருந்த ஈஸ்ட்டுப் போத்தலை ஊற்றினேன். உறைபெட்டிக்குள் அவர் காயவைத்துப் பொதி செய்திருந்த சருகுகள், முதல் வந்த கடித உறை, எல்லாவற்றையும் குப்பைப் பையில் போட்டுக் கீழே கொண்டுபோய் எறிந்தேன். பிறகு குளியலறையை வினாகிரி விட்டுக் கழுவினேன். அவ்வளவு நிம்மதியாக அந்த வீட்டை நான் அதற்கு முன்னர் கழுவியதில்லை.

பின்னேரம் அவர் வந்து பார்த்தார். சண்டைக்கு நான் தயாராக நின்றேன். அவர் சத்தம் போடவில்லை.

"அது எங்கடை இல்லையப்பா" என்றார். "அவை கேட்டா என்னத்தைக் குடுக்கிறது?"

"உந்த ஊத்தையை ஆர் கேக்கப் போகினம்?"

காலி வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. விளையாட்டுச் சாமான் போனால் பிள்ளைகளும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

என் தோழி இடைக்கிடை "பியர் எப்பிடி?" என்று கேட்பாள். "நல்லா வருது, நல்லா வருது" என்பேன். இல்லாத பியருக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று யாரும் கேட்டால் எனக்குத் தெரியாது. வாயில் வருவது அதுதான்.

வசந்தம் தொடங்கி முற்றத்தில் பனி உருகிச் சேறாகக் கிடந்த ஒரு திங்கட்கிழமை, அவள் வழமை போல வந்து, ஏப்ரனைக் கட்டி, அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்தபடியே சொன்னாள்.

"நேற்று அப்பா செத்துப்போனார்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எங்கள் வழக்கப்படி கட்டிப் பிடித்து அழலாமா என்று யோசிப்பதற்குள் அவள் தொடர்ந்தாள். அடக்கம் பத்து நாளில். அவர்கள் ஊரில் செத்த வீட்டுக்குப் பியர் காய்ச்ச வேண்டும். அக்கம் பக்கத்தில் யார் செத்தாலும் அவளுடைய அப்பாதான் காய்ச்சிக் கொடுத்தவராம். இப்போது அவருடைய செத்த வீட்டுக்கு அவருடைய ஈஸ்ட்டில் காய்ச்ச வேண்டும். ஆனால் பண்ணையைப் பார்க்கும் அண்ணன் பல வருடமாகக் கடை ஈஸ்ட்டைத்தான் போட்டு வந்திருக்கிறான். நத்தாருக்குப் பிறகு தகப்பன் காய்ச்ச ஏலாமல் படுத்திருந்தபோது உறைபெட்டி பழுதாகி, வீட்டில் மிஞ்சியிருந்ததும் கெட்டுப் போயிருக்கிறது.

"அண்ணனிட்டைச் சொன்னனான், ஒருத்தரையும் கேக்க வேண்டாம், நான் கொண்டு வாறன் எண்டு. உன்னட்டை இருக்குத்தானே?"

"ஓம், ஓம். இருக்கு."

அவள் வாயை மூட முன்னரே சொல்லிவிட்டேன்.

எங்கள் சனத்துக்கு "இல்லை" என்ற சொல் வாயில் வராது. சோறு இருக்கோ என்றால் இருக்கு என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் அரிசி களைவோம். கடன் கேட்டால் அடுத்த கிழமை என்போம். வரமாட்டோம் என்று தெரிந்த வீட்டுக்கும் கட்டாயம் வருவோம் என்போம். அதைப் பெருந்தன்மை என்று எங்களுக்குள்ளே ஒரு பேரும் வைத்திருக்கிறோம். அதிலும் தகப்பனை இழந்து நிற்கிறவளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பொய். அவளுக்காக நான் அப்படிச் சொல்லவில்லை. அவள் நம்பித் தந்ததை மலசலகூடத்தில் ஊற்றியவள் என்று அவள் என்னைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் அன்றைக்கு முதன்முறையாகக் கொஞ்சம் கூடக் கதைத்தாள். "இருபது வருசமா அந்த வீட்டிலை இருந்து உருளைக்கிழங்கு, இறைச்சி எண்டு எடுத்துக்கொண்டு வந்தனானே ஒழிய, ஒண்டும் கொண்டு போனதில்லை. ஒஸ்லோக்காரர் தின்ன மட்டும் வருவினம் எண்டு அண்ணன் பகிடி பண்ணுறவன். இந்த முறைதான் கொண்டு போறன்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"இல்லையெண்டு சொல்லும்" என்றார். "நான்தான் எறிஞ்சனான் எண்டு சொல்லும். என்னைச் சொல்லும், பரவாயில்லை."

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. பேசாமல் இருங்கோ."

மீன் வளர்த்துக் கொன்ற மனிதர் எனக்கு நியாயம் சொல்ல வந்துவிட்டார் என்று எனக்குக் கோபம். எல்லா விஷயத்திலும் கோமாளியாக இருந்தவர் இந்த ஒரு விஷயத்தில் சரியாக இருந்ததுதான் கோபம் என்று இப்போது தெரிகிறது.

கடைக்குப் போய்ப் பாணுக்குப் போடும் ஈஸ்ட்டுப் பைக்கற் இரண்டு வாங்கினேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்தேன். நிறம் வெளிறி இருந்தது, சீனியைக் கருக்கி ஊற்றினேன். கேக் சுடும் தாளில் மெல்லிசாகப் பூசி, யன்னலுக்குக் கீழே ஹீற்றரின் மேல் வைத்தேன். வடகம் காயவிடத் தெரிந்தவளுக்கு இது பெரிய வேலையா? ஒரு நாளில் மொறுமொறுவென்று எழும்பி வந்தது. மணந்து பார்த்தேன். பாண் மணம். அதனால் தோடம்பழத் தோலைத் துருவிக் காயவைத்து, தூளாக்கிக் கலந்தேன். கடித உறையில் போட்டு, பழையது போல இருக்கட்டும் என்று உறையை இரண்டு தரம் கசக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இவ்வளவு நுணுக்கமாக வேறு யாரும் செய்திருக்க முடியாது.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். பைக்குள் போடவில்லை. கோட்டின் உள் பொக்கற்றில், நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் பூட்டினாள். அன்று பின்னேரமே ரயிலேறிப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சுவாமி என்றேன். என்ன பொய் என்றார். ஈஸ்ட் என்றேன். "பாணுக்குப் போடுறதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன், அதுவும் ஒருவிதத்தில் உண்மைதான். அருள் நிறைந்த மரியே செபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். ஒஸ்லோவில் காரைப் பிழையாக நிறுத்தினாலே அதைவிடக் கடுமையான தண்டனை கிடைக்கும். வாங்கில் முழந்தாளிட்டு மூன்றையும் சொன்னேன். மனப் பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

அந்த நாட்களில் என்னை நானே தேற்றிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். ஈஸ்ட் என்றால் ஈஸ்ட்தானே. புளிக்கும், நுரைக்கும், வெறிக்கும். செத்த வீட்டில் அழுகிறவர்களுக்கு ருசி எங்கே தெரியப் போகிறது? மலைநாட்டுக் கிழவர்கள் நாலு பேருக்கு எந்த ஈஸ்ட் என்று எப்படித் தெரியும்? இப்படியெல்லாம் நினைத்தேன். மோர்டென்ஸ்ருட் கார்த் தரிப்பிடத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

இரண்டு கிழமை கழித்து அவள் வேலைக்கு வந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எல்லாம் நல்லபடி முடிஞ்சுதோ?"

"இல்லை" என்றாள்.

கையைக் கழுவி, உருளைக்கிழங்கு வாளியைத் தன் பக்கம் இழுத்து, கத்தியை எடுத்தாள். உரித்தபடியே சொன்னாள். அண்ணன் நாற்பது பாகையில் போட்டானாம். அப்பா போடுவது போலவே சத்தமும் போட்டானாம். பியர் எடுக்கும் நாளில் அக்கம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வந்து முதல் கிண்ணத்தைச் சுவைப்பது அங்கே வழக்கம். வந்தார்கள். கிண்ணம் ஒரு கையிலிருந்து மற்றக் கைக்குப் போனது. ஒருவரும் இரண்டாம் மிடறு குடிக்கவில்லை. பாண் மணமும் ஒரு காடிப் புளிப்பும். அண்ணன் அவ்வளவையும் நிலத்தில் ஊற்றினான். அடக்கத்தன்று கடையில் வாங்கிய பியரைத் தகரத்தோடு மேசையில் வைத்தார்கள்.

"அதுக்குள்ளை தோடம்பழத் தோல் கிடந்தது" என்றாள்.

நான் குளிர்ப்பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணனுக்குச் சொல்லேல்லை. ரயிலிலை ஹீற்றருக்குப் பக்கத்திலை வைச்சு நான்தான் பழுதாக்கினனான் எண்டு சொன்னனான். அவன் இன்னும் என்னோடை கதைக்கிறேல்லை."

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"உன்னைப் பற்றி அவன் ஏதும் சொல்லுவான். அப்பாவின்ரை அடக்கத்திலை நிண்டு அதைக் கேக்க எனக்கு விருப்பமில்லை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். செபமாலை, வினாகிரி, ஹீற்றர், வடகம். என் நோர்வேஜிய மொழி அவ்வளவு மோசமாக என்றைக்கும் இருந்ததில்லை. கணவர் தன்மேல் பழியைப் போடச் சொன்னதையும் சொன்னேன். அவள் குறுக்கே கதைக்காமல் முழுவதையும் கேட்டாள். ஒரு உருளைக்கிழங்கையும் விடாமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கடலுக்கு அந்தப் பக்கத்திலை ஒரு கிழவர் இருக்கிறார்" என்றாள் கடைசியில். "அடக்கம் முடிஞ்ச பிறகு என்னட்டை வந்து கேட்டவர், உங்கடை அப்பா எனக்குத் தந்த க்வைக் என்ரை உறைபெட்டியிலை இருக்கே, ஏன் ஒருத்தரும் வந்து கேக்கேல்லை எண்டு. வள்ளத்திலை அரை மணித்தியாலம். நீ இல்லையெண்டு சொல்லியிருந்தா நாங்கள் அங்கை போயிருப்பம். இருக்கு எண்டு சொன்னதாலைதான் போகேல்லை."

நான் நினைத்திருந்தது வேறு. நான் எறிந்ததால்தான் அந்த மனிதருக்கு அவருடைய பியர் கிடைக்காமல் போனது என்று நினைத்திருந்தேன். எறிந்ததால் ஒரு கேடும் வரவில்லை. இப்படி எங்கேயாவது ஒன்று அழியும் என்று தெரிந்துதான் அவர்கள் பத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கெடுத்தது அந்த "ஓம்" ஒன்றுதான். அவளுக்குத் தகப்பன் வீட்டுக்குக் கொண்டு போகக் கிடைத்த ஒரே ஒரு சாமானையும் நான்தான் குப்பையாக்கிக் கையில் கொடுத்தேன்.

"என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவள் கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தாள். தன்னிடம் அது இருக்கிறதா என்று உண்மையாகவே தேடிப் பார்க்கிற முகம் அது. பிறகு மீண்டும் உரிக்கத் தொடங்கினாள். ஓம் என்று சொல்லவில்லை. இல்லாததை இருக்கு என்று சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.